கன்மலைப் பாட்டின் மூன்றாம் சரணம்

கரிசல்காட்டில் வீடு கட்டிப் பார்த்தவனுக்குத்தான் கன்மலையின் அருமை தெரியும். கோடையில் ஆள் கால் உள்ளே போகிற அளவுக்குத் தரை வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் பொங்கி எழும். நேற்றுவரை மூடிய கதவை மூட விடாது. சுவரில் குறுக்காக ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் அடங்கும். கழுகுமலைப் பக்கம் போனால் பாறை இருக்கத்தான் செய்கிறது. நம் வீட்டுக்கு அடியில் இல்லையே, என்ன செய்ய? அதனால்தானோ என்னவோ, கோவில்பட்டியைச் சுற்றி எந்தச் சபைக்குப் போனாலும் பாட்டில் கர்த்தர் கன்மலையாக வந்துவிடுவார். மேய்ப்பராகவும் வருவார், ராஜாவாகவும் வருவார். ஆனால் கன்மலையாக வரும்போதுதான் கீபோர்டுக்காரன் சத்தத்தைக் கூட்டுவான், ஜனங்கள் இரண்டு கையையும் உயர்த்துவார்கள்.

ஷைலா எழுதிப் பாடியதும் அப்படி ஒரு கன்மலைப் பாட்டுதான். ‘வெடித்த மண்ணின் நடுவிலே வெடிக்காத கன்மலையே’ என்று தொடங்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தங்கப்பாண்டியன் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறவள் அவள். அவள் எழுதிய பாட்டு சபையின் யூடியூப் சேனலில் ஏறியது. அப்புறம் ஷேர் ஆட்டோவில் கேட்டது, ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டது, முன்பின் தெரியாதவர்களின் செல்போன் மணியாகவும் ஒலித்தது. லட்சக்கணக்கில் கேட்டார்கள். சபைக்குப் போகாதவர்களும் கேட்டார்கள்.

அந்தப் பாட்டு பிறந்த இடம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். ஷைலாவுக்கு ஒரே மகள், கெசியா. ரத்தத்தில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், “கன்மலைன்னா என்னம்மா?” என்று பிள்ளை கேட்டாள்.

“கழுகுமலையில பாத்தியேட்டி, பெரிய பாறை. அது மாதிரி.”

“அதுல ஏறுனா கால் வலிக்குமே.”

“இந்தக் கன்மலை வலிக்காது. கால் வலிச்சா ஏறி உக்காந்துக்கிடலாம்.”

பிள்ளை சிரித்துவிட்டு அதையே ராகம் போட்டுப் பாடினாள். அதுதான் மூன்றாம் சரணம் ஆனது. முதல் இரண்டையும் ஷைலா பின்னால்தான் எழுதினாள்.

பாட்டைப் படம் எடுத்த அன்றைக்கு முன்னுரையாக ஒரு சாட்சி சொல்லச் சொன்னார் பாஸ்டர் பிரின்ஸ்டன். ‘எங்கள் பிள்ளை சுகமாகிவிட்டாள்’ என்று சொல்ல வேண்டும். இன்னும் ஆகவில்லையே என்றாள் ஷைலா.

“கிடைச்ச பிறகு சொல்லுதது சாட்சி இல்ல சிஸ்டர், அது தகவல். கிடைக்கதுக்கு முன்னாடி சொல்லுததுதான் விசுவாசம். அப்புறம் இன்னொன்னு, ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் இதுல வேண்டாம். மகிமை டாக்டருக்குப் போயிரும்.”

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெசியாவுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது பஸ் ஏறி மதுரைக்கு வந்து கையை நீட்டியவர். அவர் சொன்னதை அவரே முழுசாக நம்பினார், அதுதான் வினை. ஷைலாவும் நம்பினாள். கேமராவைப் பார்த்து, “எம்மக சுகமாயிட்டா. கன்மலையை மட்டும்தான் நம்பினோம்” என்று சொன்னாள். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சாமுவேல்ராஜ் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன்தான். ஒரு வேளை மருந்தைக்கூட அவன் தவற விட்டதில்லை.

பங்குனி வெயிலில் பிள்ளை போய்விட்டாள்.

பாட்டு போகவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்றான் சாமுவேல்ராஜ். ஷைலா சம்மதிக்கவில்லை. எப்படிச் சம்மதிப்பாள்? மூன்றாம் சரணத்தைப் பிள்ளையே பாடியிருந்தாள்; அவள் குரல் அதில் இருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்போனில் பாட்டை அந்த இடத்துக்கு நகர்த்தி, அதை மட்டும் கேட்பாள். வேறு எங்கே போய்க் கேட்பது?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று பிறகு சேர்ந்துகொண்டது. ஒரு நாள் கயத்தாற்றிலிருந்து வந்த ஒரு அம்மா, மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றவள், ஷைலாவை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க அந்தக் கன்மலைப் பாட்டு பாடுனவியதானே? மக எப்படி இருக்கா?”

உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். இந்த அம்மாவுக்குத் தெரியாது. ஷைலா, “நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டாள். அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கர்த்தரிடத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை? ஆனால் அந்த அம்மா விடாமல், “என்ன படிக்கா?” என்று கேட்டாள். “அஞ்சாப்பு” என்றாள் ஷைலா. இதற்கு எந்த வேதத்தில் சமாதானம் தேட?

அன்றிலிருந்து கெசியா வளர ஆரம்பித்தாள். அடுத்த வருடம் யாராவது கேட்டால் ஆறாம் வகுப்பு. அப்புறம் ஏழு. கணக்குப் பாடம் மட்டும் அவளுக்குச் சரியாக வராது. முடி இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. போன மாதம் கண்ணாடிகூடப் போட்டாயிற்று. கேட்கிறவர்களுக்கு முகமெல்லாம் மலரும்; சிலர் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கி, “மகளுக்குக் குடுங்க” என்று ஷைலாவிடமே நீட்டுவார்கள். அவள் வாங்கிக்கொள்வாள். வீட்டு அலமாரியில் வைப்பாள். எறும்பு மொய்த்த பிறகு சாமுவேல்ராஜ் எடுத்துக் குப்பையில் போடுவான். தங்கப்பாண்டியன் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். வெளியூர்க்காரர் யாராவது ஷைலாவைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவருக்குப் பின்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வேதத்தில் கன்மலை வருகிற இடங்களை எல்லாம் ஷைலா தேடித் தேடிப் படித்துப் பார்த்தாள். அடித்தால் தண்ணீர் கொடுக்கிறது கன்மலை. வெடிப்பில் ஒளித்துக் காப்பாற்றுகிறது. வீட்டை மழைக்கும் காற்றுக்கும் தாங்கி நிற்கிறது. பாட்டு எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாறைமேல் விழுந்த விதை முளைத்ததும் கருகிப்போனதைப் பற்றி யாரும் பாடுவதில்லை. சிலுவையிலிருந்து இறக்கியவரைக் கொண்டு வைத்த கல்லறையும் கன்மலையில் வெட்டியதுதான் என்பதை எந்தக் கீபோர்டுக்காரனும் வாசித்ததில்லை. தானும்தான் எழுதவில்லை. எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி வெயிலில், அந்தப் பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். காட்டு வேலை பார்த்துக் கறுத்த கை. கூட ஒரு சிறுமி. அந்தப் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தாள், மூடினாள், திரும்பத் திறந்து குடித்தாள்.

“அக்கா, நீங்கதானே அவிய? எனக்குச் சத்தத்தக் கேட்டதுமே தெரிஞ்சு போச்சு. உங்கள எங்கன போய்த் தேடன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.” பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்பேரு காளீஸ்வரி. பசுவந்தனை. நாங்க சர்ச்சுக்குப் போறவிய இல்ல, கோயிலுக்குப் போறவியதான். பக்கத்து வீட்டு அக்கா போன்ல உங்க பாட்டக் கேட்டதுல இருந்து எனக்கு வேற பாட்டே ஓடல. மக எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா” என்றாள் ஷைலா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். பழகிப்போன வாய். “எட்டாப்பு படிக்கா.”

“கேட்டியாட்டி செல்வி? எட்டாப்பு படிக்காவளாம்.” காளீஸ்வரி குனிந்து சிறுமியின் கன்னத்தைத் தடவினாள். பிறகு கண்ணாடிப் பெட்டிமேல் இருந்த கடலைமிட்டாய்த் துண்டு ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். “தின்னு. இனிமே பயமில்ல.” ஷைலாவிடம் திரும்பினாள். “இவ இனிப்பைத் தொட்டுப் பல வருசமாச்சுக்கா. சின்னப் பிள்ளையிலேயே சர்க்கரை. தெனமும் வயித்துல ஊசி. குத்திக் குத்தி, பெத்தவ கையாலயே குத்தி… முந்தாநாளோட நிறுத்திட்டேன். உங்க பிள்ளைக்கு மருந்து மாத்திரை இல்லாம சுகம் வந்துச்சுல்லா? எம்பிள்ளைக்கும் வரும். இன்னைக்கு உங்க சபையில உபவாச ஜெபமாம்லா, அங்கன வச்சு உங்க மக கையப் பிடிச்சுக்கிட்டு இவளும் நிக்கணும்னு ஆசை.”

ஷைலா கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக எட்டி, சிறுமியின் கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கினாள். அதற்குள் ஒரு கடி கடித்திருந்தாள் பிள்ளை. அவள் அழவில்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஓடி வந்த பிள்ளை இல்லை அது.

பின்கட்டுக்குப் போகக் கிளம்பிய அண்ணாச்சி திரும்பி வந்தார். “ஏம்மா, நான் ஊருக்கே இனிப்பு விக்கேன், ரெண்டு வேளையும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் விக்கேன். பெரியவனுக்கே ஊசிய நிறுத்தினா ஆபத்து. பிள்ளை மூச்சு வாங்குதத பாரு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடு.”

“காலையில ரெண்டு தரம் வாந்தி எடுத்தா. அது நோய் வெளிய போறதுதான் அண்ணாச்சி.” காளீஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. “உங்களுக்கு நம்பிக்கை இல்ல. இவியளக் கேளுங்க. மருந்தில்லாம எட்டாப்பு வரைக்கும் வளந்து நிக்காளே இவிய மக.”

அண்ணாச்சி ஷைலாவைப் பார்த்தார். உண்மையைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல நின்றார்.

ஷைலா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில்லை. டாக்டர் சொன்னார், பாஸ்டர் சொன்னார், சாமுவேல்ராஜ் போனில் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் சொன்னான். அவள் சொன்னதில்லை. கெசியாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தது அவர்கள்தான்; அவளைப் பொறுத்தவரை பிள்ளை இந்தக் கடை வாசலில், முகம் தெரியாதவர்களின் கேள்வியில் வளர்ந்துகொண்டிருந்தாள். இப்போது பெற்றவளே தன் வாயால் கொல்ல வேண்டும். எனக்கு ஏன் இந்தச் சோதனை என்று மனசுக்குள் கதறினாள். எதிரே அந்தப் பிள்ளை மறுபடியும் பாட்டிலைத் திறந்தாள். அதில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

“காளீஸ்வரி, எம்மக செத்துப்போயிட்டா.”

காளீஸ்வரியின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தலையை ஆட்டினாள். “என்னச் சோதிச்சுப் பாக்கீங்களாக்கா? இப்பத்தானே எட்டாப்பு படிக்கான்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

“பாட்டுல சொன்னீங்க.”

“அதுவும் நடக்கல. நடந்துரும்னு நெனச்சுச் சொன்னேன்.”

“இல்லக்கா. என் விசுவாசத்தப் பாக்கீங்க. நான் மாற மாட்டேன்.”

அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கப் போனாள். ஷைலா தராசைத் தள்ளிவிட்டு வெளியே வந்து குறுக்கே நின்றாள். வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

“பாட்டுல எம்மக தலையில ரோஸ் கலர்த் துணி கட்டியிருப்பால்லா?”

“ஆமா. அழகா இருக்கும்.”

“அது அழகுக்குக் கட்டினது இல்லம்மா. மருந்து ஏத்தி ஏத்தி முடியெல்லாம் கொட்டிப்போச்சு. மொட்டைய மறைக்கக் கட்டினேன். மூணாஞ்சரணத்துல பாதியில அவ பாட்டு நின்னுரும்லா, மியூசிக் மட்டும் வரும்லா?”

காளீஸ்வரி மெதுவாக, “அந்த இடத்துலதான் நான் அழுவேன்” என்றாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அங்கன அவளுக்கு மூச்சு முட்டிருச்சு. மடியில கிடத்தி முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அத வெட்டிட்டு மியூசிக் போட்டாவ.” ஷைலாவின் குரல் உடையவில்லை, அதுதான் கேட்டவர்களைக் கலக்கியது. “மருந்து குடுத்தோம். ஒரு நாள் விடாமக் குடுத்தோம். அத நாங்க சொல்லல. சொல்லியிருக்கணும். மருந்து குடுத்தும் எம்பிள்ளை தங்கல. உம்பிள்ளைக்கு மருந்து இருக்கு, தாயி. குடுத்தா இருப்பா. தயவு செஞ்சு வா.”

காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் செல்வி கண்ணாடிப் பெட்டியோரமாகச் சரிந்தாள். அண்ணாச்சி ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டிய திட்டை எழுத முடியாது. திட்டிக்கொண்டே வேலை பார்த்தார். செல்வியின் கையில் ஊசி ஏறியது; கட்டிலுக்கு மேலே குளுக்கோஸா மருந்தா என்று தெரியாத பாட்டில்கள் தொங்கின. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு திரும்பியிருக்காது என்றார். வராந்தாவில் இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று சாயந்திரம் நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் காளீஸ்வரி ஷைலாவைப் பார்த்தாள். கண்ணில் நன்றி இல்லை.

“பிறகு எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“பிழைச்சிருவான்னு நெனச்சேன்” என்றாள் ஷைலா.

“நானும் அப்படித்தானே நெனச்சேன்” என்றாள் காளீஸ்வரி. அவ்வளவுதான். எழுந்து வந்து அதே பெஞ்சில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஷைலா அங்கிருந்தபடியே பாஸ்டர் பிரின்ஸ்டனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி, பாட்டைச் சேனலிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். அவர் வேதத்திலிருந்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். “நான்தான் சிஸ்டர் சொல்லச் சொன்னேன்” என்றார். “இப்பவே எடுத்துருதேன். பாப்பா பாடுனத மட்டும் உங்களுக்கு அனுப்பி வைக்கேன்.” சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், சாமுவேல்ராஜோடு மறுபடி போனாள். செல்வி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. ஷைலாவைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“அந்த அக்கா வரலையா?”

“எந்த அக்கா?”

“பாட்டுல பாடுவாவல்லா. எட்டாப்பு படிக்காவல்லா.”

காளீஸ்வரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடையில் பேசியது எதுவும் அந்தக் கிறக்கத்தில் பிள்ளைக்கு ஏறியிருக்கவில்லை; காளீஸ்வரியும் மகளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சாமுவேல்ராஜ், போகலாம் என்பதுபோல ஷைலாவின் தோளைத் தொட்டான். ஷைலா போகவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

“அவ எட்டாப்பு படிக்கலம்மா. நாலாப்பு வரைக்கும்தான் படிச்சா. அப்புறம் செத்துப்போயிட்டா. அவளுக்கு ஒன்பது வயசு.”

பிள்ளைகள் பெரியவர்களைப்போலப் பதறுவதில்லை. செல்வி ஊசி ஏறியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தாள்.

“எனக்குப் பத்து முடிஞ்சிட்டு. அப்ப அவ எனக்குத் தங்கச்சில்லா?”

“ஆமா” என்றாள் ஷைலா. “இனிமே எப்பவும் உனக்குத் தங்கச்சிதான்.”

சொன்னதும், இடுப்பளவு முடியும் கண்ணாடியுமாக அவள் வளர்த்துக்கொண்டு வந்த பெண் எங்கேயும் இல்லாமல் போனாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, ஷைலா அழுதாள். அடக்கம் பண்ணிய அன்றைக்கு எல்லாரும் அழச் சொல்லியும் அவளுக்கு வராத அழுகை அது.